டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்: உங்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்துக்குள் எல்லோராலும் போய்வர முடிகிறதா என்று பார்க்க ஒரு வழிகாட்டி

பஞ்சாயத்து ஆபீஸ், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கிளை நூலகம், தாலுகா ஆபீஸ் என்று ஏதாவது ஒரு பொது இடத்துக்கு நாம் அடிக்கடி போய்க்கொண்டுதான் இருக்கிறோம். வீல்சேரில் வருபவர், வெள்ளைக்கோல் பிடித்து வருபவர், காது கேளாதவர், முட்டி தேய்ந்துபோன பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, இவர்களெல்லாம் அதே இடத்துக்கு வந்து, யாரையும் கெஞ்சாமல் வேலையை முடித்துக்கொண்டு திரும்ப முடிகிறதா? முடியாவிட்டால் எங்கே தடை என்று அளந்து, எழுதி, சரிசெய்ய வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதற்கு அணுகல் தணிக்கை என்று பெயர். பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, டேப்பைப் பிடித்து அளக்கத் தெரிந்தால் போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. "இங்கே ரேம்ப் இருக்கிறதா?" என்று கேட்டால் பல அலுவலகங்களில் "இருக்கிறதே" என்று கையைக் காட்டுவார்கள். இருக்கும்தான். ஆனால் ரோட்டிலிருந்து அந்த ரேம்ப் வரை வரும் வழியில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கும், ரேம்ப் ஏறிப் போனால் வாசலில் அரை அடிக்கு நிலைப்படி இருக்கும், உள்ளே கழிப்பறை பூட்டிக் கிடக்கும். ஆகவே ரேம்ப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ரோட்டில் இறங்கியதிலிருந்து வேலை முடிந்து, கழிப்பறைக்கும் போய்விட்டு, மறுபடி ரோட்டுக்கு வரும் வரை ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் தடைபட்டாலும் மற்றதெல்லாம் செலவழித்துக் கட்டியும் பிரயோசனமில்லை.

ஒரு கட்டடம், ஒரு வேலை, கூட ஒரு துணை

எடுத்த எடுப்பில் ஊரையே அளக்கப் போகாதீர்கள். ஒரே ஒரு கட்டடம் போதும். அங்கே மக்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சுகாதார நிலையம் என்றால் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டு, மாத்திரை வாங்கி வருவது. நூலகம் என்றால் புத்தகம் தேடி எடுத்து, உட்கார்ந்து படித்து, பதிவு செய்து எடுத்துப் போவது. இப்படி ஒரு வேலையைப் பின்தொடர்ந்தால் எந்தெந்த அறைக்கு, எந்தெந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

தனியாகப் போகாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் குறைந்தது இருவராவது உங்களோடு வர வேண்டும், முடிந்தால் ஒருவர் வீல்சேரோ ஊன்றுகோலோ பயன்படுத்துபவர், இன்னொருவர் பார்வையற்றவர். கடன் வாங்கிய வீல்சேரில் நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பதும் இதற்கு ஈடாகாது, அதில் உங்களுக்குப் பயம் வருமே தவிர, வருடக்கணக்காக அப்படியே வாழ்பவர் எதை எளிதாகச் சமாளிக்கிறார், எதில் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார் என்பது தெரியாது. வருபவர்களுக்கு ஆட்டோ செலவைக் கொடுங்கள், முடிந்தால் அன்றைய கூலியையும் கொடுங்கள். அவர்கள் உங்களுக்கு உதவி செய்ய வரவில்லை, தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்ய வருகிறார்கள்.

பொறுப்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "குறை கண்டுபிடிக்க வருகிறோம்" என்று சொன்னால் முகம் மாறிவிடும், "அளந்து தருகிறோம், எஸ்டிமேட் போட உங்களுக்கு உதவும்" என்று சொன்னால் பெரும்பாலும் டீ கூட வாங்கிக் கொடுப்பார்கள், அது உண்மையும்கூட. நோயாளிகள், குழந்தைகள் முகம் விழாமல் போட்டோ எடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஐந்து மீட்டர் டேப் ஒன்று. ஒரு சின்ன ரசமட்டம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். சரியாக 120 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய, வளையாத அலுமினியச் சட்டம் அல்லது மரச்சட்டம் ஒன்று. நோட்டு, பேனா, போன். போனில் சாய்வைப் பாகையில் காட்டும் ஆப் இருந்தால் நல்லது, பல போன்களில் முன்கூட்டியே இருக்கும். சட்டம் ஏன் 120 என்றால், அது ரேம்பை அளக்கும்போது புரியும்.

ரோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

பலரும் கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு தணிக்கையைத் தொடங்குவார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்தோ ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்தோ தொடங்குவதுதான் சரி. சென்னையில் 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன, அதிலிருந்து வீல்சேரோடு இறங்கியவர் அடுத்த இருபது அடியை எப்படிக் கடக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

நடைபாதை இருந்தால் அகலத்தை அளங்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையில்லாமல் 1.8 மீட்டர் நடக்க இடம் வேண்டும், ரோட்டிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது. "தடையில்லாமல்" என்ற சொல் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர், பெட்டிக்கடை, போர்டு எல்லாம் போக மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். பைக் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் கம்பிகளை நெருக்கி நட்டிருப்பார்கள், அந்த இடைவெளியையும் அளங்கள், 90 செ.மீ. இல்லையென்றால் வீல்சேரும் ஏறாது. கேட்டுக்குள் நுழைந்ததும் மண்ணா, ஜல்லியா, பேவர் பிளாக்கா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று அங்கே இருக்கும் வாட்ச்மேனிடம் கேட்டு எழுதுங்கள், அவருக்குத்தான் தெரியும். கார் நிறுத்தும் இடம் இருந்தால் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் ஓர் இடமாவது மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேம்ப்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

கணக்கு மிகச் சுலபம். ஓர் அடி உயரம் ஏற வேண்டுமென்றால் ரேம்ப் 12 அடி நீளம் இருக்க வேண்டும். இதைத்தான் 1:12 என்கிறார்கள். வாசலில் மூன்று படி, மொத்த உயரம் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ரேம்ப் 540 செ.மீ., ஏறக்குறைய பதினெட்டு அடி. இதை அப்படியே சொன்னால் பல மேஸ்திரிகள் நம்ப மாட்டார்கள். "அவ்வளவு இடம் எங்கே சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஆறு அடியில் முடித்துவிடுவார்கள். அது 1:4. அதில் ஒருவர் தன் கையால் தள்ளிக்கொண்டு ஏறவே முடியாது, பின்னால் ஆள் பிடித்துத் தள்ளினாலும் நாற்காலி பின்பக்கம் சாய வாய்ப்பு உண்டு, இறங்கும்போது இன்னும் மோசம்.

அளப்பது இப்படி. 120 செ.மீ. சட்டத்தை ரேம்பின் சரிவு போகும் திசையிலேயே நீளவாக்கில் வையுங்கள். மேல்பக்க முனை தரையைத் தொட்டபடியே இருக்கட்டும். கீழ்பக்க முனையை மெதுவாகத் தூக்குங்கள், சட்டத்தின் மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது கீழ் முனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள உயரத்தை இன்னொருவர் டேப்பால் அளக்கட்டும். 10 செ.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் ரேம்ப் சரி. 15 என்றால் 1:8, 20 என்றால் 1:6, 30 என்றால் மேலே சொன்ன 1:4. கால்குலேட்டர் கூட வேண்டாம். போன் ஆப்பில் பார்ப்பதானால் 4.8 பாகை வரை சரி, 7க்கு மேல் போனால் 1:8 அளவுக்குச் செங்குத்து என்று அர்த்தம்.

ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அடியில், நடுவில், உச்சியில் என்று மூன்று இடத்திலாவது வையுங்கள். நடு சரியாக இருக்கும், ஆனால் தரையோடு சேரும் கடைசி ஒரு முழத்தில் சிமெண்டைச் சரித்துப் பூசி முடித்திருப்பார்கள், வீல்சேரின் முன் சக்கரம் அங்கேதான் முட்டி நிற்கும்.

அப்புறம் அகலம். குறைந்தது 120 செ.மீ. மேலே ஏறி முடித்ததும் 150க்கு 150 செ.மீ. சமதளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்க ஒரு கையை எடுத்த நொடியில் நாற்காலி பின்னால் உருளும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் இன்னும் கூடுதல் இடம் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுவும் இரண்டு உயரத்தில்: 76 செ.மீ., 90 செ.மீ. ரேம்ப் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் அப்பால் 30 செ.மீ. கைப்பிடி நீண்டிருக்க வேண்டும், பார்வையற்றவருக்கும் தள்ளாடி நடப்பவருக்கும் அதுதான் "இதோ ரேம்ப் வருகிறது" என்று சொல்லும். ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்னத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற வேண்டிய உயரம் 75 செ.மீ.யைத் தாண்டினால் 1:12 கூட போதாது, 1:15 என்று இன்னும் சாய்வு குறைய வேண்டும், அகலமும் கூட வேண்டும்.

தரை எதனால் ஆனது என்று எழுத மறக்காதீர்கள். பளபளவென்று கிரானைட் போட்ட ரேம்ப் போட்டோவில் அழகாக இருக்கும், மழை நாளில் ஊன்றுகோல் அதில் நிற்காது. துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்ட சாதாரண சிமெண்டு தளமே நல்லது, செலவும் குறைவு.

பைக் ஏற்றுவதற்கென்றே போட்ட சரிவை ரேம்ப் என்று கணக்குக் காட்டுவதும் நடக்கிறது, நடுவில் ஒற்றைக் கோடாகச் சிமெண்டும் இரு பக்கமும் படியுமாக இருந்தால் அது பைக்குக்குத்தான். பல அரசுப் பள்ளிகளில் இருக்கும் ரேம்ப் வாக்குச்சாவடிக்காகப் போட்டது. தேர்தல் ஒரு நாள் என்றாலும் பள்ளிக்கூடம் வருடம் முழுக்க நடக்கிறது, அதையும் இதே சட்டத்தை வைத்து அளங்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ரேம்ப் போட்டாயிற்று என்று படிகளை உடைத்துவிடச் சொல்லாதீர்கள். காலிப்பர் (காலில் மாட்டும் தாங்கி) போட்டு நடப்பவர்கள், முட்டிவலிக்காரர்கள் பலருக்குச் சரிவில் இறங்குவதுதான் கஷ்டம், உயரம் குறைந்த படியும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருந்தால் அவர்களுக்கு அதுவே போதும். படி 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல், கால் வைக்கும் அகலம் 30 செ.மீ. இருந்தால் சரி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை அடித்துவிட்டால் பார்வை மங்கியவர்கள் தடுமாற மாட்டார்கள், ஒரு டப்பா பெயின்ட் செலவுதான்.

கதவும் உள்ளேயும்

கதவின் அகலத்தைச் சட்டத்துக்குச் சட்டம் அளக்காதீர்கள், முழுக்கத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போக எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று அளங்கள். 90 செ.மீ. வேண்டும். பழைய அரசுக் கட்டடங்களில் இரட்டைக் கதவு இருக்கும், அதில் ஒரு பக்கத்துக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு வருடக்கணக்காகத் திறக்காமலே விட்டிருப்பார்கள். கதவு நான்கு அடி அகலம் என்று ரெக்கார்டில் இருக்கும், நிஜத்தில் இரண்டு அடிதான் வழி. தாழ்ப்பாளை நீக்கினால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது.

நிலைப்படி 1.2 செ.மீ.க்கு மேல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மடக்குக் கேட்டின் தண்டவாளம் தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். உள்ளே ஏதாவது ஓர் இடத்திலாவது வீல்சேர் முழு வட்டம் திரும்ப 150 செ.மீ. வேண்டும். வராந்தாவில் பீரோக்களையும் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தால் அவற்றைக் கழித்துவிட்டு அளங்கள்.

கவுண்டர் உயரம் 75 முதல் 80 செ.மீ. இருந்து, அடியில் முழங்கால் நுழைய இடமும் இருந்தால்தான் வீல்சேரில் இருப்பவர் கையெழுத்துப் போட முடியும். எல்லாக் கவுண்டரையும் இடிக்க வேண்டாம், ஒன்று தாழ்வாக இருந்தால் போதும். லிஃப்ட் இருந்தால் கதவு 90 செ.மீ. திறக்கிறதா, பொத்தான்களில் பிரெயில் இருக்கிறதா, எந்த மாடி என்று குரல் சொல்கிறதா என்று பாருங்கள். மாடிப்படியின் நடுத் திருப்பத்தில் லிஃப்ட் நின்று, அங்கிருந்து இன்னும் ஆறு படி ஏறச் சொல்லும் கட்டடங்களும் இருக்கின்றன. லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகள் பிரிவையோ முதியோர் உதவித்தொகைப் பிரிவையோ மாடியில் வைத்திருந்தால் அறிக்கையில் முதல் வரியாகவே எழுதுங்கள். லிஃப்ட் கட்டப் பணம் வரும்வரை அந்தப் பிரிவைக் கீழே மாற்றச் சொல்லலாம், அதற்கு ஓர் உத்தரவு போதும்.

பார்வையற்றவர் முன்னே நடக்க, நீங்கள் பின்னே

இந்தப் பகுதியை உங்கள் துணையிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் குறிப்பெடுத்தால் போதும். வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைக் கண்டுபிடிக்கும், மார்புக்கும் தலைக்கும் நேரே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்காது. நம் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஜன்னல் கதவுகள் வராந்தா பக்கமாகத் திறந்திருக்கும். தினமும் போகிற நமக்குக் கண்ணில் படவே படாது, ஆனால் நேராக நடந்து வருபவரின் நெற்றிக்குச் சரியாக நேரே அந்த இரும்புச் சட்டத்தின் முனை இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் உயரம் குறைந்துகொண்டே போகும் இடமும் அப்படித்தான். தலைக்கு மேல் 210 செ.மீ. தடையில்லாமல் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் ஒரு தொட்டியோ கம்பியோ வைத்துக் கோலுக்குத் தட்டுப்படச் செய்யலாம்.

மெட்ரோ, ரயில் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய டைல்ஸ். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கியது, 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் இருந்தால் "இப்படியே போகலாம்", புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று பொருள். படி தொடங்குவதற்கு 30 செ.மீ. முன்னால் புள்ளி டைல்ஸ் வர வேண்டும். ஆனால் நம் ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாற்றிப் பதிப்பது சகஜம், அழகுக்காக வளைத்து வளைத்துப் பதிப்பதும், கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுவதும் உண்டு. தரையின் நிறத்திலேயே டைல்ஸையும் போட்டுவிடுகிறார்கள், அரைப்பார்வை உள்ளவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கோட்டின் ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்து, எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று எழுதுங்கள். எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

காது கேளாதவருக்கு என்ன தெரிகிறது

இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், கட்டடத்தில் உடைக்க ஒன்றும் இல்லாததால். ஓ.பி.யில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். காது கேளாதவர் காலையில் வந்து உட்கார்ந்தவர், தன் பேரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்தவர் போய், கூட்டம் கலைந்த பிறகுதான் எழுந்து கேட்பார். டோக்கன் எண்ணைக் காட்டும் ஒரு போர்டு, அதுவும் இல்லையென்றால் ஸ்லேட்டில் எண்ணை எழுதித் தூக்கிக் காட்டும் வழக்கம், இது போதும். கவுண்டரில் இருப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழுகிறதா, அல்லது முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்து முகம் இருட்டாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு அது பெரிய விஷயம். அறைகளின் பெயர்ப் பலகைகள் பெரிய எழுத்தில், தமிழில், படத்தோடு இருந்தால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்தே உதவும்.

கழிப்பறை

பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம்? முதல் கேள்வி இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் பினாயில் டப்பா, துடைப்பம், பழைய பேனர் எல்லாம் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். காலையிலிருந்து மாலை வரை வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களோடு வருபவரிடமே கேட்டுப் பாருங்கள்.

திறந்த பிறகு பார்க்க வேண்டியது: கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் (உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது), உள்ளே 150 செ.மீ. திரும்ப இடம், வெஸ்டர்ன் கோப்பையின் உயரம் 45 முதல் 48 செ.மீ., அதன் ஒரு பக்கத்தில் வீல்சேரை நிறுத்தி நகர்ந்து உட்கார 90 செ.மீ. இடம், பிடிமானக் கம்பிகள். கம்பியைக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், ஓட்டைச் செங்கல்லில் சின்ன ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் ஆள் எடை தாங்காது. தண்ணீர்க் குழாய் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிறதா, வாஷ்பேசினுக்கு அடியில் கால் நுழைகிறதா, தரை ஈரமாக இருந்தால் வழுக்குகிறதா. அவ்வளவுதான், ஆனால் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

எழுதும் விதம்

"ரேம்ப் சரியில்லை" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "கிழக்கு வாசல் ரேம்ப், ஏறும் உயரம் 45 செ.மீ., இப்போதுள்ள நீளம் 190 செ.மீ., இருக்க வேண்டியது 540 செ.மீ., கைப்பிடி இல்லை. வீல்சேரில் வருபவர் தனியாக ஏற முடியவில்லை. வாசலின் இடதுபக்கம் சுவரையொட்டி 8 மீட்டர் காலி இடம் இருக்கிறது." கடைசி வாக்கியம் மிக முக்கியம். எங்கே கட்டலாம் என்று நீங்களே காட்டிவிட்டால் உதவிப் பொறியாளருக்கு எஸ்டிமேட் போட வேலை பாதி குறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ, அதில் டேப் தெரிய வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் செலவை வைத்துப் பிரியுங்கள். பணமே வேண்டாதவை முதலில்: தாழ்ப்பாள் நீக்குவது, கழிப்பறையைக் காலி செய்வது, ரேம்ப் முன்னால் பைக் நிறுத்தாமல் பார்ப்பது, பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. இவற்றை அன்றைக்கே வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். அலுவலகத்தின் சில்லறைச் செலவில் முடிபவை அடுத்து: படி விளிம்பில் பெயின்ட், பிடிமானக் கம்பி, பெயர்ப் பலகை. எஸ்டிமேட் போட்டு நிதி வாங்க வேண்டியவை கடைசியில். மொத்தமாக ஒரே பட்டியலாகக் கொடுத்தால் "ஃபண்டு வரட்டும்" என்ற ஒரே பதிலில் எல்லாமே நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

கொஞ்சம்தான், ஆனால் மனுவில் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 44ஆம் பிரிவுப்படி அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது. 45ஆம் பிரிவுப்படி, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. 89ஆம் பிரிவு அபராதம் பற்றியது: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. இந்த வழிகாட்டியில் சொன்ன அளவுகளில் பெரும்பாலானவை மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளை ஒட்டியவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

"அதெல்லாம் வெறும் பரிந்துரைதானே" என்று யாராவது சொன்னால், ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று கொடுத்த தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். மேலே சொன்ன 2017 விதிகளில் 15ஆம் விதி, அணுகல் வழிகாட்டுதல்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்தது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்துக்குள் உருவாக்கச் சொன்ன தீர்ப்பு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர், "இங்கே யாரும் வருவதில்லையே" என்று சொல்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். வர முடியாததால்தான் வருவதில்லை.

யாரிடம் கொடுப்பது

கட்டடத்தின் பொறுப்பாளரிடம் ஒரு பிரதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பிரதி. பதில் வரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை. அங்கே தீர்மானமாகப் போட வைத்துவிட்டால் அடுத்து யார் தலைவராக வந்தாலும் அது பதிவேட்டில் இருக்கும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாட்டில் 2025இல் சட்டம் திருத்தப்பட்டது, உங்கள் ஊரில் அப்படி நியமிக்கப்பட்டவர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இந்தக் கட்டடத்தில் ரேம்ப் கட்டிய எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும். அளவுப் புத்தகத்தில் ஆறு மீட்டர் என்று இருந்து, தரையில் இரண்டு மீட்டர்தான் இருந்தால் உங்கள் மனுவுக்கு அதற்குப் பிறகு வேறு வாதமே தேவையில்லை. எதுவும் நகரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம், ஆட்களை வரவழைத்து, ஆவணங்களைக் கேட்டு விசாரிக்க அவருக்குச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு.

வேலை தொடங்கிய பிறகு

நிதி ஒதுக்கியாயிற்று என்று ஓய்ந்துவிடாதீர்கள். ரேம்ப் கெட்டுப்போவது பெரும்பாலும் கட்டும்போதுதான். நூல் கட்டி மார்க் பண்ணும் நாளில் அங்கே இருங்கள், உங்களோடு வீல்சேரில் வந்தவரையும் கூட்டிப்போங்கள். கான்கிரீட் போட்ட பின் மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். அந்த 120 செ.மீ. சட்டத்தை மேஸ்திரியின் கையிலேயே கொடுத்து ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். "10 செ.மீ. தாண்டக் கூடாது" என்ற ஒரே கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டால் அடுத்த கட்டடத்திலும் அவர் சரியாகவே போடுவார்.

எஸ்டிமேட்டில் பராமரிப்புக்கென்று ஒரு தொகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் பல வருடம் கேட்டுப் போராடி, 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. முதன்முறையாகக் கடலுக்குப் பக்கத்தில் போய் நின்றவர்கள் அன்று அழுததைப் பார்த்தோம். டிசம்பரில் மாண்டஸ் புயலில் அலை வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். கண்முன்னே எல்லோரும் பார்க்கும் மெரினாவில் உடனே சரிசெய்வார்கள், உங்கள் ஊர் நூலகத்தில் கைப்பிடி ஆடத் தொடங்கினால் யார் கவனிப்பார்கள்? அதனால் வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழை முடிந்த பிறகு, அதே நோட்டை எடுத்துக்கொண்டு போய் அதே இடங்களை மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி, தேதியும் போட்டு, ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.